வரவேற்புக்கு டி.ஜே.யை அமர்த்துமுன் மண்டபத்தைக் காட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குகின்றன. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை இப்போது பெரும்பாலான வரவேற்புகளில் டி.ஜே. உண்டு. பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ அவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை பாக்ஸ் வைப்பீங்க, எத்தனை லைட்டு வரும்?" என்பதுதான் (பாக்ஸ் என்றால் ஒலிபெருக்கிப் பெட்டி). பிறகு வருகிற குறைகளில் பாதி இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன என்பது மைக் செட், ஒலி ஒளி வேலையில் இருக்கும் எங்கள் கருத்து. முன்பணம் கொடுக்குமுன் அவரைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். ஆளைத் தெரிந்துகொள்ள அந்த அரை மணி நேரம் போதும்.

வேலை தெரிந்தவர் உள்ளே நுழைந்ததும் நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்ப்பார். நம் பக்கத்து மண்டபங்கள் பெரும்பாலும் தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட் அல்லது தகரக் கூரை, பக்கவாட்டில் வெறும் சுவர். தட்டிய சத்தம் அடங்க இரண்டு விநாடி ஆனால், அந்த ஹாலில் சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பேச்சு புரியாது. முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். அங்கே எட்டு பாக்ஸ் வைப்பது காசைக் கொடுத்து இரைச்சலை வாங்குவது. பக்கச் சுவர்களில் கனமான திரைத்துணி, ஆடும் இடத்தில் கார்ப்பெட், குறைந்த பாக்ஸ் என்பதே தீர்வு. ஆட்கள் நிறைந்தால் எதிரொலி ஓரளவு குறையும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கணக்கு எளிது. 300 பேர் கூடும் ஹாலுக்கு பேச்சும் மேல் சுருதியும் வரும் 15 அங்குல டாப் இரண்டும், அடித்தாளம் வரும் 18 அங்குல பேஸ் ஒன்றும், மிஞ்சினால் இரண்டும் போதும். 600, 700 பேர் என்றால் முன்னால் இரண்டு டாப், ஹாலின் பாதியில் சிறிய டாப் இரண்டு, பேஸ் இரண்டு. நடுவில் வைக்கும் பாக்ஸுக்கு வரும் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. முன் பாக்ஸிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தால் ஏறக்குறைய 60 மில்லி விநாடி தாமதம் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். "டிலே போடுவீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தெரிந்தவர் உடனே தூரத்தைக் கேட்பார்.

டாப்பில் மேல் சுருதிகள் வெளிவரும் வாயான ஹார்ன், நின்றிருப்பவர் தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில், ஆடும் இடத்தை நோக்கிச் சற்றுக் குனிந்திருக்க வேண்டும். மேடையில் மைக் பிடிப்பவருக்குப் பின்னால் பாக்ஸ் இருந்தால் மைக் கூவும். ஆகவே பாக்ஸ்கள் மேடை விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அலங்காரக்காரர் அழகு கெடுகிறது என்று பாக்ஸுக்கு முன்னால் பூத்தட்டியை நிறுத்துவார். உடனே மேல் சுருதிகள் அடைபட்டுப் பேச்சு மந்தமாகும். அதை ஈடுகட்ட டி.ஜே. சத்தத்தை ஏற்றுவார். முன்வரிசைக் கிழவர்கள் எழுந்து போவார்கள். அலங்காரக்காரரும் டி.ஜே.யும் கேமராக்காரரும் ஒரே நாளில் மண்டபத்தில் சந்தித்துவிட்டால் இந்தச் சண்டையே வராது. டி.ஜே. மேசைக்கு ஆறுக்கு ஆறடி இடம், மேடையும் ஆடும் இடமும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி வேண்டும்.

இன்னொன்றை டி.ஜே.க்கள் பெரும்பாலும் கேட்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை. மொய் எழுதும் மேசை எங்கே? நம் பக்கம் மொய் நோட்டு அடுத்த தலைமுறைக்கும் போகிற கணக்கு. "மரைக்காயர்பட்டினமா, மறவாய்க்குடியா?" என்று எழுதுபவர் இரண்டு தடவை கேட்டும் காதில் விழாமல் ஊரை மாற்றி எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது மனத்தாங்கல் வரும். மொய் மேசைக்கும் பந்திக்கும் பாக்ஸின் முகம் திரும்பவே கூடாது. பந்தியில் பரிமாறுபவர் "சாம்பாரா, ரசமா?" என்று கேட்பது சாப்பிடுபவருக்குக் கேட்க வேண்டும்.

அடுத்து கரண்ட். மண்டபத்து ஜெனரேட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் கணக்குப் போட்டு வாங்கியது. டி.ஜே. கொண்டுவருவதைக் கூட்டிப் பாருங்கள். பீம் லைட் எட்டு, ஒவ்வொன்றும் 350 வாட் என்றால் 2,800 வாட். எல்.இ.டி. பார் லைட் பன்னிரண்டு, தலா 150 என்றால் 1,800. புகை மெஷின் 1,500. ஒலிக்குச் சராசரியாக 1,500, உச்சத்தில் அதைவிடக் கூடுதல். பன்னிரண்டுக்கு எட்டடி எல்.இ.டி. திரை முழு வெள்ளையில் 5,000 வாட்டைத் தாண்டும். மொத்தம் 12 கிலோவாட்டுக்கு மேல். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று தாங்குவது 3.6 கிலோவாட். ஆக மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஒலிக்குத் தனி ஃபேஸ், லைட்டுக்கு வேறு ஃபேஸ். இரண்டையும் ஒன்றில் போட்டால் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் ஏறலாம். தனி ஜெனரேட்டர் என்றால் 25 கே.வி.ஏ. வசதியாகப் போதும். முக்கால் லோடில் மணிக்கு நான்கைந்து லிட்டர் டீசல் குடிக்கும். அந்த டீசல் யார் செலவு என்பதை அன்றே பேசிவிடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கையும் பாட்டையும் கலந்து அனுப்பும் மிக்ஸர் அணைந்துவிடும். மிக்ஸருக்கும், டி.ஜே. பாட்டை இயக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரு கே.வி.ஏ. யு.பி.எஸ். இருந்தால் கரண்ட் வந்ததும் பாட்டு உடனே தொடரும். எல்.இ.டி. திரையை அதில் மாட்டக் கூடாது, தாங்காது.

எர்த் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்டது. கடலோர மண் உப்பு மண், ஈரம் உள்ளது. மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். அதே உப்பு எர்த் குழிக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப்பையும் இணைப்பு போல்ட்டையும் சீக்கிரம் அரித்துவிடும். வெளியில் கம்பி இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. மைக்கை உதட்டருகே கொண்டுபோகும்போது 'சுர்'ரென்று இழுத்தால் அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மண்டபத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் செட்டைப் போடக் கூடாது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மூன்றாவது பின்னை வெட்டிய பிளக்கோடு வருபவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். டி.ஜே.யின் மின் பெட்டியில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று விழ வேண்டும். மழைக்காலத்தில் ஒயர் ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

உப்புக் காற்று கருவிகளையும் விடுவதில்லை. ஆம்ப்ளிஃபயர் விசிறி உப்பீரத்தை உள்ளே இழுக்கிறது. கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. நடு நிகழ்ச்சியில் பாக்ஸ் கரகரப்பதும், ஒரு பக்கம் மட்டும் ஊமையாவதும் அதனால்தான். தொழில் தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். அவர் குடோனுக்கு ஒருமுறை போய் மைக் கேபிளின் முனையையும் பாக்ஸின் பின்பக்கத்து சாக்கெட்டையும் பாருங்கள். பளபளப்பு இருந்தால் பராமரிக்கிறார் என்று அர்த்தம். பச்சை இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ராமேசுவரம் தீவில் கல்யாணம் என்றால் இது இன்னும் முக்கியம். உள்ளே வர சாலை வழி பாம்பன் பாலம் ஒன்றுதான். அமாவாசை நாட்களிலும் தொடர் விடுமுறையிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு ஃபியூஸோ, பாக்ஸுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் என்ற பாகமோ போனால் ராமநாதபுரத்திலிருந்து வர 55 கிலோமீட்டர். மாலை ஏழு மணிக்கு அதை நம்ப முடியாது. கூடுதல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஹார்ன் டிரைவர் ஒன்று, ஒயர் மைக் ஒன்று, ஃபியூஸ்கள், இரண்டாவது லேப்டாப், அதே பாட்டுகள் உள்ள பென் டிரைவ் எல்லாம் அவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். வண்டி மதியத்துக்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

பாட்டுகள் இணையத்தில் ஓடக் கூடாது. 500 செல்போன்கள் கூடும் இடத்தில் டேட்டா படுத்துவிடும். நல்ல தரத்தில் லேப்டாப்பில் சேமித்திருக்க வேண்டும். யூடியூபிலிருந்து இறக்கிய மட்டமான கோப்பு செல்போனில் நன்றாகக் கேட்டாலும் பெரிய பாக்ஸில் காதைக் கீறும். மண்டபத்தில் ஒரே பாட்டைப் போடச் சொல்லி ஹாலின் நான்கு மூலைக்கும் நடந்து பாருங்கள். பிறகு பத்துப் பேர்களை மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் பத்தும் தெளிவாகக் கேட்டால் செட் சரி. மிக்ஸரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் ஒலி கிழிகிறது. காது வலிப்பதும் டிரைவர் எரிவதும் அந்தச் சிவப்பில்தான்.

நேரத்தைப் பங்கிடத் தெரிந்தவரே நல்ல டி.ஜே. ஆறு மணிக்கு நாதஸ்வரமோ வீணையோ மெதுவாக. ஏழு மணிக்கு மணமக்கள் வருகை. அதன்பின் ஒன்றரை மணி நேரம் மேடையில் பரிசு கொடுப்பதும் போட்டோவும்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த உறவுகள் பேசிக்கொள்ளக் கிடைக்கும் நேரமே அதுதான். அதைக் கெடுக்கும் டி.ஜே. எவ்வளவு திறமைசாலியானாலும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆட்டம் எட்டே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. அந்த ஒரு மணி நேரம் சத்தமாக இருக்கட்டும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறியில், இசை அரங்குகளுக்கு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலையே உச்ச வரம்பாகச் சொல்கிறது. கைக்குழந்தைகளைப் பாக்ஸ் அருகே உட்கார வைக்காதீர்கள்.

பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் நம்முடையவை. மஃரிபு, இஷா தொழுகைகளுக்கான பாங்கு நேரத்தையும், தேவாலயத்தில் மாலைச் செபம் உண்டா என்பதையும் டி.ஜே. முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாங்கு சொல்லும்போது யாரும் வந்து கேட்குமுன்னே அவர் கை தானாக ஒலியைக் குறைக்க வேண்டும். அருகில் துக்க வீடு இருந்தால் ஆட்டமே கிடையாது. அப்படி நின்றுபோனால் பணத்தில் எவ்வளவு கழிப்பது என்பதையும் பேசி வைப்பது நல்லது.

மைக் பிடிக்கிறவர் தமிழை ஒழுங்காகப் பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். தாய்மாமன் பெயரைத் தவறாகச் சொன்னாலோ, முதலில் அழைக்க வேண்டியவரை மூன்றாவதாக அழைத்தாலோ அந்த வருத்தம் லேசில் ஆறாது. பெயர், உறவு, அழைக்கும் வரிசை மூன்றையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. கட்டாயம் வேண்டிய பாட்டு பதினைந்து, கூடவே கூடாத பாட்டு பத்து என்று இன்னொரு தாள்.

சாதிப் பெருமை பேசும் பாட்டும் கட்சிப் பாட்டும் வேண்டவே வேண்டாம் என்று அந்த இரண்டாவது பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள். நம் மாவட்டத்தில் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பயனில்லை. ஒரு பாட்டு ஒரு தெருவையே எதிரே நிறுத்திவிடும். குடித்துவிட்டு வந்து மேசையைத் தட்டிக் கேட்கும் இளவட்டத்துக்கு "இல்ல தம்பி, வீட்டுல சொன்ன பாட்டுதான்" என்று மறுக்க டி.ஜே.க்கு ஒரு பிடி வேண்டும். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், அவர்கள் சொன்னால் மட்டுமே பாட்டு மாறும் என்று எழுத்தில் இருந்தால் அவரால் மறுக்க முடியும்.

சட்டம் சுருக்கமாக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. மூடிய அரங்குக்கு உள்ளே விலக்கு உண்டு. ஜன்னலும் காற்றுக் கண்ணும் திறந்து கிடக்கும் நம் மண்டபங்களை மூடிய அரங்கு என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்கள் ஒன்பது மணிக்குப் படுக்கும் ஊர் இது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல்தான் குறைகிறது. பேஸ் சுவரையும் தாண்டிப் போகும். ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு என்று எழுதினால்தான் பத்துக்கு நிற்கும்.

பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்குமுன் யோசியுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு சேர்ந்த விழாக்களிலும் பாட்டு ஒலிப்பதை உரிமை மீறலிலிருந்து விலக்குகிறது. 2023 ஜூலையில் பதிப்புரிமையைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையும் இதையே அறிவிப்பாக வெளியிட்டது.

திறந்தவெளி வரவேற்பு என்றால் காற்றைப் பார்க்க வேண்டும். ஆவணியில் மேல்காற்றான கச்சான் இன்னும் அடங்கியிருக்காது. காற்று போகும் திசையில் ஒலி தரையோடு வளைந்து வெகுதூரம் போகும். எதிர்த்திசையில் மேலே எழும்பிவிடும். குடியிருப்பு காற்றின் போக்கில் இருந்தால் பாக்ஸைத் திருப்புங்கள். டாப் ஒன்று 20, 25 கிலோ இருக்கும். ஸ்டாண்டின் கால்களை முழுக்க விரித்து ஒவ்வொன்றுக்கும் 20 கிலோ மணல் மூட்டை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியே வேண்டாம். தை முதல் பங்குனி, சித்திரை வரை மணற்கரையில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் காலம். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். கரையை நோக்கி பீம் லைட் வீசினால் அவை ரோட்டுக்கு வந்து சாகும். கடற்கரைப் பக்கம் லைட்டே திரும்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மணமக்கள் வரும்போது தீப்பொறியாகப் பீறிடும் 'கோல்ட் பைரோ' குளிர்ந்த நெருப்பு என்று பெயர் பெற்றிருந்தாலும் அதில் எரிவது உலோகத் தூள். துணித் திரைக்கும் குழந்தைகளுக்கும் மூன்று மீட்டருக்குள் வைக்கக் கூடாது. பக்கத்தில் மணல் வாளி வேண்டும். அந்தத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதுங்கள். மிக்ஸரில் நிற்கப்போவது யார் என்ற பெயர் முதலில். ஈவென்ட்காரர் மூலம் பேசினால் அன்று வேறு ஆள் வந்து நிற்பது சாதாரணமாகிவிட்டது. பிறகு கருவிகளின் எண்ணிக்கை, நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பே செட் தயாராக வேண்டும் என்பது, நிறுத்தும் நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, வண்டி வாடகை, ஆட்களின் சாப்பாடும் பேட்டாவும், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணம் என்ன ஆகும் என்பவை. முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

வரவேற்பு முதல் நாள் மாலையும் முகூர்த்தம் மறுநாள் காலையும் என்றால் இன்னொரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும். இரவே எல்லாவற்றையும் கட்டி ஏற்றிவிடாமல், சிறிய பாக்ஸ் இரண்டும், புதிய பேட்டரி போட்ட மைக் ஒன்றும், அதை இயக்க ஓர் ஆளும் மண்டபத்தில் இருக்க வேண்டும். விடிகாலை நான்கரைக்கு ஐயர் மைக் கேட்கும்போது டி.ஜே.யின் வண்டி பெரும்பாலும் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இப்படிக்கு,
மைக் செட், ஒலி ஒளி வேலை செய்வோர் சிலர்,
மண்டபம் – உச்சிப்புளி வட்டாரம்,
ராமநாதபுரம் மாவட்டம்.